ஒரு பாத்தியைச் சும்மா விடுங்கள்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரணம் வழக்கமானதுதான், இன்டர்னல் டெஸ்ட். இந்த முறை என்னைப் பாடாய்ப் படுத்தியது ஸ்டாடிஸ்டிக்ஸ். பி.காம். படிக்கிற பையனுக்கு எதற்கு "நாலு உரம், அஞ்சு வயல், எந்த உரம் சிறந்தது?" என்ற கணக்கு? அனோவா பாடத்தை எந்தப் புத்தகத்தில் திறந்தாலும் முதல் ஆளாகக் கோதுமையும் உரமும் வந்து நிற்கின்றன. சேல்ஸ்மேன், மிஷின், ஷிப்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இப்படி என்று எரிச்சலில் தேடினேன். அந்தக் கணக்கே வயலில் பிறந்ததாம். ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல்காரர் 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பல வருடங்களாகக் குவிந்து கிடந்த விளைச்சல் கணக்குகளை வைத்துக்கொண்டு, எது உரத்தால் வந்த வித்தியாசம், எது மண்ணாலும் மழையாலும் வந்த வித்தியாசம் என்று பிரிக்க அவர் கண்டுபிடித்த வழியைத்தான் நாம் எஃப் டேபிளும் கையுமாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

அங்கிருந்து ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, கடைசியில் நான் போய் மாட்டிக்கொண்ட இடம் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல்காரர்கள், சர்க்கரை பீட் வயலில் மண்ணுக்குள் இடும் பூச்சிமருந்துகளைச் சோதித்து வருடாவருடம் அறிக்கை போடுகிறார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சுவாரசியமாக இருந்தது :-)

மறுநாள் கேன்டீனில் இதைச் சொன்னதும் இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது. ஒருத்தன், "விஷத்துக்கு என்னடா டெஸ்ட்? தடை பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே" என்றான். இன்னொருத்தன் விவசாயக் குடும்பம். "தலைமுறையா பயிர் வைக்கிறவனுக்குத் தெரியாததையா யூனிவர்சிட்டிக்காரன் வந்து சொல்லப் போறான்?" என்றான். இரண்டு பேர் சொன்னதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. அங்கே பெல் அடித்துவிட்டதால் பாக்கியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயிரைப் பற்றி. சர்க்கரை பீட்டைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று நினைத்துவிடாதீர்கள் (நான் நினைத்தேன்). நாம் பொரியல் செய்கிற பீட்ரூட்டின் பங்காளி. நிறம் வெள்ளை, ஆள் பெரியது, எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சர்க்கரை. அமெரிக்காவில் உற்பத்தியாகும் சர்க்கரையில் பாதிக்கு மேல் கரும்பிலிருந்து வருவதில்லை, இந்த பீட்டிலிருந்துதான் வருகிறது. அதிகமாக விளைவது மினசோட்டா மாநிலத்தில். மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடுவே வடக்கு நோக்கி ஓடுகிற ரெட் ரிவர் ஆற்றின் இரண்டு பக்கமும் மேஜை போட்ட மாதிரி தட்டையான கரிய மண். பனிக்கட்டிக் காலத்தில் அது ஒரு பிரம்மாண்டமான ஏரியின் அடித்தளமாக இருந்ததாம். அங்கே ஆலை முதலாளியும் விவசாயிதான். அமெரிக்கன் கிரிஸ்டல் ஷுகர் என்ற கம்பெனியை 1973-ல் பீட் விவசாயிகளே சேர்ந்து வாங்கிக் கூட்டுறவு ஆக்கிவிட்டார்கள். நம் கோ-ஆபரேஷன் பாடத்தில் இதை ஏன் சொல்லித் தரவில்லை என்று தெரியவில்லை, அது வேறு பதிவு.

இனி வில்லன். பீட் வேர் ஈ என்று ஒரு பூச்சி. நம் வீட்டு ஈ சைஸில் இருக்கும், கருப்பு நிறம், இறக்கையில் புகை படிந்த மாதிரி ஒரு திட்டு. மே கடைசி, ஜூன் மாதங்களில் மண்ணிலிருந்து கிளம்பி வந்து, இளம் பீட் செடியின் தூரில் மண்ணுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, வாயில் இருக்கும் கொக்கியால் வேரைச் சுரண்டிச் சுரண்டி சாறு குடிக்கும். சின்னச் செடி என்றால் வேர் அறுந்து வாடிச் செத்துவிடும். தப்பித்த செடியின் கிழங்கில் கருப்பு கருப்பாகத் தழும்பு, விளைச்சல் குறைவு. குளிர்காலத்தில் அந்தப் புழு மண்ணுக்குள் ஆழமாக இறங்கித் தூங்கும். வருடத்துக்கு ஒரே தலைமுறை.

இதில் என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பயிர் சுழற்சி செய்வதால் போன வருடம் பீட் இருந்த வயலில் இந்த வருடம் கோதுமையோ வேறு எதுவோ இருக்கும். ஈ அங்கிருந்து கிளம்பி, இந்த வருடம் பீட் எங்கே இருக்கிறதோ அந்த வயலைத் தேடிப் பறந்து வரும். ஆக என் வயலில் முட்டையிடும் ஈ, போன வருடம் பக்கத்து வயல்காரர் சரியாகக் கவனிக்காமல் விட்ட ஈயாக இருக்கலாம். அவர் மிச்சப்படுத்திய மருந்துச் செலவு என் தலையில் விழுகிறது. எக்கனாமிக்ஸ் வகுப்பில் எக்ஸ்டர்னாலிட்டி என்றால் உடனே ஆலைப் புகையையும் ஆற்றுத் தண்ணீரையும் உதாரணம் சொல்வோம். இதற்கு இறக்கையே இருக்கிறது.

சரி, மருந்து எப்படிச் சோதிக்கிறார்கள்? வயலைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாத்திக்கு 6 வரிசை, வரிசைக்கு வரிசை 22 அங்குலம், நீளம் 35 அடி. நடுவில் உள்ள 4 வரிசைக்குத்தான் மருந்து. ஓர வரிசை இரண்டும் காவலுக்கு, பக்கத்துப் பாத்தி மருந்தின் பாதிப்பு இங்கே கலந்துவிடக்கூடாது என்பதற்காக. ஒவ்வொரு மருந்தும் 4 தொகுதிகளில் வரும். தொகுதிக்குள் எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் முடிவு செய்வார்கள். நம்ம பாடத்தில் வருகிற ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன் என்பது அப்படியே இதுதான். புத்தகத்தில் அரைப் பக்கம், அங்கே அதற்காக டிராக்டர் ஓடுகிறது.

மருந்துகளிலும் பல தினுசு. விதைப்பு மிஷினிலிருந்தே விதையோடு சேர்த்து விழும் குருணை. டெர்புஃபாஸ் என்ற ரசாயனம் அடங்கிய கவுண்டர் 20ஜி அதில் முக்கியமானது. விதை மேலேயே பூசி வரும் மருந்து இன்னொரு வகை, போன்சோ பீட்டா மாதிரி. செடி முளைத்த பிறகு வரிசைக்கு மேல் இடும் குருணை, தெளிக்கும் திரவம் என்று மேலும் சில. இவற்றைத் தனித்தனியாகவும், இரண்டு மூன்றைச் சேர்த்தும், அளவைக் கூட்டியும் குறைத்தும் சோதிக்கிறார்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாத்திக்கு எதுவுமே போட மாட்டார்கள். சும்மா விட்டுவிடுவார்கள். ஈ வந்து இஷ்டத்துக்கு முட்டையிடும், புழு தின்னும், செடி சாகும். ஆள் விட்டு, மிஷின் ஓட்டி, பணம் செலவழித்து ஒரு பாத்தியை நாசமாகப் போக விடுவதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் முழு அறிக்கையும் அந்தப் பாத்தியின் மேல்தான் நிற்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். தொட்டியம் பக்கம் என் சித்தப்பா வாழை வைக்கிறார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது லீவுக்குப் போனால் தூருக்குத் தூர் குருணை மருந்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். "இதைப் போட்டா கூன்வண்டு வராதா சித்தப்பா?" என்று கேட்டேன். "வருசா வருசம் போடுறேன், வருசா வருசம் வாழை நல்லா வருதுல்ல" என்றார். அப்போது சரியாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், அவர் ஒரு வருடம்கூடப் போடாமல் இருந்து பார்த்ததில்லை. வாழை நன்றாக வந்தது மருந்தாலா, அந்த வருடம் வண்டே இல்லாததாலா, நல்ல கன்று வாங்கி நட்டதாலா, யாருக்கும் தெரியாது. மருந்துக் கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் பில் மட்டும் வருடாவருடம் சரியாக வரும்.

பயிர் நன்றாக வந்தால் மருந்துக்குப் பெயர். வராமல் போனால் "அளவு பத்தலை, அடுத்த தடவை கூடப் போடுங்க" என்று மறுபடியும் மருந்துக்கே வியாபாரம். இரண்டு பக்கமும் தலை விழுகிற நாணயம் அது. அதை மடக்கக்கூடியது சும்மா விட்ட பாத்தி ஒன்றுதான்.

ராதம்ஸ்டெட்டில் பிராட்பாக் என்று ஒரு கோதுமை வயல் இருக்கிறது. அதில் ஒரு துண்டு நிலத்துக்கு 1843-லிருந்து எருவோ உரமோ போட்டதே இல்லை. 180 வருடங்களுக்கும் மேலாக ஒரு துண்டைப் பட்டினி போட்டு வைத்திருக்கிறார்கள்! பக்கத்தில் உள்ள மற்ற துண்டுகளுக்கு உரம் என்ன செய்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடிவது அந்தப் பட்டினித் துண்டு அங்கே இருப்பதால்தான்.

பீட் வயலுக்கு வருவோம். புழுக்கள் தின்று முடித்த பிறகு ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் 10 கிழங்கு பிடுங்கி, கையால் கழுவி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். தழும்பே இல்லை என்றால் 0. கிழங்கின் முக்கால்வாசிப் பரப்புக்கு மேல் கருத்துப்போயிருந்தாலோ செத்தே போயிருந்தாலோ 9. நம்ம இன்டர்னல் மார்க்குக்குத் தலைகீழ், கூடினால் ஃபெயில். பிறகு அறுவடையில் எடை, சர்க்கரைச் சதவீதம், எடுக்கக்கூடிய சர்க்கரை எவ்வளவு, கடைசியாக ஏக்கருக்கு எத்தனை டாலர் என்று வரிசையாக அட்டவணை.

அந்த அட்டவணையில் எண்களுக்குப் பக்கத்தில் எ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், இரண்டு மருந்துக்குப் பக்கத்தில் ஒரே எழுத்து இருந்தால், எண்கள் வேறு வேறாக இருந்தாலும் அந்த வித்தியாசத்தை நம்ப முடியாது என்று அர்த்தம். தற்செயலாகவே அவ்வளவு வித்தியாசம் வரலாம். நானாக ஒரு உதாரணம் போடுகிறேன், நிஜ எண் இல்லை. ஒரு மருந்து தனியாகப் போட்டதில் ஏக்கருக்கு 28 டன், பி. அதோடு இன்னொரு மருந்தும் சேர்த்துப் போட்டதில் 29 டன், அதுவும் பி. மருந்து விற்பவர் நோட்டீஸ் அடித்தால் "1 டன் கூடுதல்!" என்று பெரிய எழுத்தில் போடுவார். பக்கத்தில் இருக்கும் பி-யைப் போடமாட்டார். அறிக்கையைப் படிக்கத் தெரிந்த விவசாயி அந்த இரண்டாவது மருந்தை வாங்கமாட்டார்.

தடை பண்ணு என்று சொன்ன நண்பனுக்கு என் முதல் பதில் இதுதான். மருந்தைச் சோதிக்கிறவர் மருந்து விற்பவரின் கூட்டாளி என்று நீ நினைக்கிறாய். அந்த பி என்ற ஒற்றை எழுத்து ஒரு மருந்தை மூட்டையிலேயே நிறுத்தி வைக்கும். ஊர்வலம் போய் அதைச் செய்ய ரொம்ப நாளாகும். இரண்டு மருந்து ஒரே எழுத்தில் இருந்தால் விஷம் குறைந்ததை எடுத்துக்கொள், அரை அளவும் முழு அளவும் ஒரே எழுத்தில் இருந்தால் அரை அளவோடு நிறுத்து. சோதனை இல்லாவிட்டால் இதைச் சொல்ல எவராலும் முடியாது. பயம் இருக்கிற இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று முழு அளவுதான் போடுவார்கள், நானாக இருந்தாலும் போடுவேன்.

அந்த "எதற்கும் இருக்கட்டும்" கொஞ்சம் பேச வேண்டிய விஷயம். விதையோடு போடும் மருந்தை மே மாதத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். ஈ எவ்வளவு வரும் என்பது ஜூனில்தான் தெரியும். ஆக விதைப்பு நேர மருந்து ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி, விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். முளைத்த பிறகு இடும் மருந்து அப்படி இல்லை. பசை தடவிய ஆரஞ்சு நிறக் குச்சிகளை வயலோரம் நட்டு, அதில் எத்தனை ஈ ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்தப் பல்கலைக்கழகம் ஈ சீசனில் இந்த எண்ணிக்கையை வட்டார வாரியாக வெளியிடுகிறது. அடுத்த வருடம் எங்கே அதிகமாக இருக்கும் என்று வரைபடமும் போடுகிறது. காத்திருந்து முடிவெடுக்கிற உரிமைக்கு ஒரு விலை உண்டு என்று ஃபைனான்ஸ் பேப்பரில் படிக்கிறோமே, அதை இங்கே பசைக்குச்சியில் பார்க்கலாம்.

இப்போது நான் அந்த அறிக்கைகளோடு சண்டை போடும் இடம். கடைசிப் பத்தியில் இருக்கும் டாலர் கணக்கு மொத்த வருமானம். நிகர வருமானம் இல்லை. சர்க்கரையின் விலையை வைத்து ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள், மருந்தின் விலையையும் இடும் கூலியையும் கழித்திருக்க மாட்டார்கள். மருந்து விலை கடைக்குக் கடை, வருடத்துக்கு வருடம் மாறும் என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் அக்கவுண்ட்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இது உறுத்துகிறது. வாசகர் சும்மா விட்ட பாத்தியின் வருமானத்தை மருந்து போட்ட பாத்தியிலிருந்து கழித்து, அதிலிருந்து மருந்துச் செலவையும் கழித்தால்தான் மருந்து சம்பாதித்துக் கொடுத்தது எவ்வளவு என்று தெரியும். அந்த இரண்டாவது கழித்தலை எத்தனை பேர் செய்வார்கள்? மொத்தம் என்ற வார்த்தையை வேகமாகப் படித்தால் லாபம் என்றுதான் மூளை படிக்கும்.

இன்னொன்று, இடம். இந்த வேர் ஈ சோதனைகள் பெரும்பாலும் வடக்கு டகோட்டாவின் வடகிழக்கு மூலையில் செயின்ட் தாமஸ் என்ற ஊர்ப்பக்கம் நடக்கின்றன. காரணம், ஈத் தொல்லை மிக அதிகமான வட்டாரம் அது. பூச்சியே இல்லாத இடத்தில் பூச்சிமருந்தைச் சோதித்து என்ன பயன், சரிதான். ஆனால் சும்மா விட்ட பாத்தி அங்கே படுமோசமாகப் போகும், மருந்துப் பாத்தி பிரமாதமாகத் தெரியும். அதே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஈ குறைவாக வரும் தெற்குப் பக்கத்து விவசாயி மருந்து வாங்கினால் அது அவருக்குத் தண்டச் செலவாகவே முடியலாம். மழையே இல்லாத ஊர்க்காரர் சிரபுஞ்சிக் கணக்கைப் பார்த்துக் குடை வாங்குகிற மாதிரி. பசைக்குச்சி எண்ணிக்கையையும் இந்த அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பணம் யார் தருகிறார்கள்? அந்த இரண்டு மாநில பீட் விவசாயிகளும் சேர்ந்து போடுகிற பணத்தில் இயங்கும் ஆராய்ச்சி மற்றும் கல்வி வாரியம் ஒன்று தருகிறது. மருந்துக் கம்பெனிகளும் மருந்தும் நிதியும் தருவதுண்டு, அறிக்கையிலேயே நன்றி சொல்லியிருப்பார்கள். "பார்த்தியா!" என்று நண்பன் குதிப்பான். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் சோற்றைக் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லிவிட்டு, அவருடைய மருந்துக்கு மோசமான எழுத்து விழுந்தால் அதையும் அச்சடிக்கிறவரை, கம்பெனி நோட்டீஸோடு சேர்த்து ஒரே மூட்டையில் கட்ட முடியாது. எனக்கு இதில் ஆசை என்னவென்றால் விவசாயிப் பணத்தின் பங்கு கூட வேண்டும், கம்பெனிப் பணத்தின் பங்கு குறைய வேண்டும். ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனிதான், நியமிப்பது பங்குதாரர்கள் என்று கம்பெனிச் சட்டத்தில் படித்திருக்கிறோமே, குறைந்தபட்சம் அந்த அளவுக்காவது.

இதுவரை ஏதோ மருந்துக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருந்திருக்கும். அடுத்த பாதி இங்கே.

மருந்து வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி, அதைப் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி. பாத்திச் சோதனை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். டெர்புஃபாஸை உலக சுகாதார நிறுவனம் ஒன்று-ஏ பிரிவில், அதாவது அதிபயங்கர நச்சு என்ற உச்சப் பிரிவில் வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் சொவெட்டோவின் நலேடி பகுதியில் 6 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குக் காரணம் டெர்புஃபாஸ் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அங்கே அது வயலுக்காக மட்டும் புழங்கவில்லை, எலி மருந்து என்று தெருவில் பொட்டலமாக விற்கப்பட்டது. 2025-ல் அந்நாட்டு அமைச்சரவை அதைத் தடை செய்ய ஒப்புக்கொண்டது. மினசோட்டாவில் மூடிய பெட்டியிலிருந்து நேராக மண்ணுக்குள் விழும் மருந்து வேறு, தெருவில் பொட்டலமாகக் கிடைக்கும் மருந்து வேறு என்று வாதம் செய்யலாம். ஆனால் ரசாயனம் ஒன்றுதான். எந்தப் பாத்தியின் எந்தப் பத்தியிலும் அந்த 6 பெயருக்கு இடம் இல்லை.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பீட் வயலில் முளைத்த பிறகு இடுவதற்குச் சோதித்த குருணைகளில் திமெட் ஒன்று. நம் ஊரில் கரும்பு, வாழை வைத்த பெரியவர்களைக் கேட்டால் பெயரைச் சொன்னதுமே அதன் நாற்றத்தை வர்ணிப்பார்கள். உள்ளே இருப்பது ஃபோரேட், அதுவும் ஒன்று-ஏ பிரிவுதான். இந்தியாவில் மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டு, 2020 டிசம்பர் 31-லிருந்து முழுவதுமாகத் தடை செய்தது. கையுறை, முகமூடி, மூடிய மிஷின் எதுவும் இல்லாமல் ஈயச் சட்டியில் அள்ளிக் கையால் தூவுகிற ஊரில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரே மருந்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்பு இருக்கலாம், அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

குளோர்பைரிஃபாஸ் கதை இன்னும் சிக்கல். லார்ஸ்பன் என்ற பெயரில் பீட் வயலில் ரொம்ப காலம் ஓடியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற கவலையால் 2007-லேயே சுற்றுச்சூழல் அமைப்புகள் அமெரிக்க அரசிடம் மனு கொடுத்தன. வழக்கு மேல் வழக்கு. கடைசியில் 2021 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உணவில் அதன் மிச்சம் இருக்கவே கூடாது என்று அனுமதி முழுவதையும் ரத்து செய்தது. 2022 பிப்ரவரி 28 முதல் அமல். உடனே கோர்ட்டுக்குப் போனவர்களில் முதல் பெயர் யார் தெரியுமா? ரெட் ரிவர் பள்ளத்தாக்கு சர்க்கரை பீட் விவசாயிகள் சங்கம். 11 பயிர்களுக்கு மட்டும் என்று சுருக்கினால் பாதுகாப்பாக இருக்கக்கூடும் என்று முகமையின் விஞ்ஞானிகளே 2020-ல் எழுதியிருக்கிறார்கள், அதைப் பரிசீலிக்காமல் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது தவறு என்று 2023 நவம்பரில் 8-வது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் முகமை புதிதாக முன்மொழிந்ததில் அந்த 11 பயிர்களைத் தவிர மற்றவற்றுக்கு ரத்து. அந்தப் 11-ல் சர்க்கரை பீட்டும் ஒன்று.

என் கருத்தைக் கேட்டால், குழந்தையின் மூளை சம்பந்தப்பட்ட விஷயத்தில் "பலன் அதிகம்" என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. லெட்ஜரில் ஒருவருடைய லாபத்தை இன்னொருவருடைய நஷ்டத்தோடு நேர் செய்ய முடியாது, கணக்கு வேறு வேறு ஆள் பெயரில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2022, 2023 என்று இரண்டு சீசன் குளோர்பைரிஃபாஸ் இல்லாமல் பீட் விளைந்தது. அப்போது விவசாயி எதைப் பிடித்துக்கொண்டார்? மற்ற மருந்துகள் எவ்வளவு தாங்கும், எதை எதோடு சேர்க்கலாம் என்று அதற்கு முன்பே பல வருடங்களாகச் சோதித்த அட்டவணைகள் கையில் இருந்தன. தடை செய் என்று கோஷம் போடுகிறவர்களுக்கு அந்த அட்டவணை எதிரி இல்லை. மாற்று என்ன என்பது எழுத்தில் இருந்தால்தான் தடை நிற்கும். இல்லாவிட்டால் கள்ளத்தனமாகப் பாட்டில் வந்துகொண்டேதான் இருக்கும், நம் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதனால் சோதனையை நிறுத்தச் சொல்லாமல் அகலப்படுத்தச் சொல்ல வேண்டும் என்கிறேன். பீட்டிலேயே புழு அரிப்பைத் தாங்கும் ரகங்களுக்கான ஆராய்ச்சி அரசுப் பணத்தில் நடந்திருக்கிறது. புழுவைத் தாக்கும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை, ஓட்ஸ் மாதிரி மூடுபயிரோடு சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். இவற்றையும் அதே பாத்தியில், அதே சும்மா விட்ட பாத்திக்கு எதிரே நிறுத்த வேண்டும். இயற்கை என்ற பெயருக்காகத் தனிச் சலுகை வேண்டாம். பஞ்சகவ்யம், வேப்பெண்ணெய் என்று நம் பக்கம் பேசுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன் (பின்னூட்டத்தில் திட்டப் போகிறவர்கள் வரிசையில் வரவும்). நான்கு தொகுதி போடுங்கள், ஒரு பாத்தியைச் சும்மா விடுங்கள், பிறகு வந்து பேசுங்கள்.

தலைமுறையாய்ப் பயிர் வைக்கிறவனுக்குத் தெரியாதா என்று கேட்ட நண்பனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மண்ணைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, எந்த மாதம் எது வரும் என்பதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. ஆனால் போடாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, போட்டுக்கொண்டே இருக்கிறவருக்கு எத்தனை தலைமுறை ஆனாலும் தெரிய வழியில்லை. இதில் அறிவுக் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு வருட விளைச்சலை நம்பிக் கடன் வாங்கியிருக்கிறவர் சோதித்துப் பார்க்க வயலை விட முடியாது. அதனால்தான் அந்த நஷ்டத்தை எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொண்டு, 35 அடிப் பாத்தியில் சின்னதாக நஷ்டப்பட்டுப் பார்க்கிற ஏற்பாடு தேவைப்படுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு போன் போட்டேன். இந்த வாட்டி ரெண்டே ரெண்டு வரிசை வாழைக்கு மட்டும் குருணை போடாமல் விட முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரிப்பா, வாய்க்கா ஓரம் ரெண்டு வரிசை சவலையாத்தான் நிக்குது, அதை விட்டுர்றேன்" என்றார். அது கூடாது சித்தப்பா, சவலையை விட்டால் மருந்துதான் ஜெயிக்கும், எல்லா வரிசைக்கும் நம்பர் போட்டு சீட்டு எழுதிக் குலுக்கி எடுங்கள், எது வருகிறதோ அதை விடுங்கள் என்றேன்.

"நல்ல வரிசை வந்துட்டா?"

"அதையும் விடணும் சித்தப்பா."

"உங்க சித்திகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை.